2 அங்குல லிஃப்ட்: ஸ்டீயரிங் அலைகிறது, ஏர் பேக் உரசுகிறது

கேள்வி:
முன்னால் சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), அதைச் சேஸிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம். வண்டியை 2 அங்குலம் உயர்த்த (லிஃப்ட்) உயரமான காயில் ஸ்பிரிங் போட்டபின் வேகத்தில் வண்டி அலைகிறது, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் கோணலாகவே நிற்கிறது. பின் காயிலுக்குள் உள்ள ஏர் பேக்கில் (சுமை தாங்க உதவும் காற்றுப் பை) உரசல் தடம். எங்கே தொடங்கலாம்?

மறுமொழி 1:
அலைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் காஸ்டர்தான் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வுக் கோணம்). சேஸிஸ் உயர்ந்ததும் ஆர்மின் பின்முனை மேலேறும், ஆக்சில் முன்பக்கம் சுழலும், காஸ்டர் குறையும். அலைன்மென்டில் அளந்துவிட்டு, குறைந்த டிகிரிக்கேற்ற கரெக்‌ஷன் புஷ் (ஆர்மில் பொருந்தி அந்தக் கோணத்தைத் திருத்தும் ரப்பர் உருளை) போடுங்க. அளவு மீறித் திருப்பினால் பினியன் (ஆக்சிலுக்குள் சுழற்சி நுழையும் பல்சக்கரம்) மூக்கு கீழிறங்கி, அதைச் சுழற்றும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதிரும். புஷ் போல்ட்டை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் முழுசா இறுக்கணும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மறுமொழி 2:
ஸ்டீயரிங் கோணலுக்கு டிராக் லிங்க் (drag link, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) நீளத்தைச் சரிசெய்யுங்க. ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் அட்ஜஸ்டபிள் பேனார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) தேவை. இரண்டும் இணையாக இருக்கணும். ஒன்றின் முனையை மட்டும் இறக்கினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் இழுக்கும். புது ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வை அடக்கும் உருளை) இதை மறைக்கும், தீர்க்காது.

மறுமொழி 3:
நீளமான ஷாக் அப்சார்பரும் போட்டிருந்தால் ஆக்சில் கூடுதலாகத் தொங்கும், பேக் இடம் மாறிக் காயில் சுற்றுகளில் சிக்கும். சேஸிஸைத் தூக்கி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்க. இடைவெளிக்குப் பேக்கோடு ஸ்பேசர் (இடைத்துண்டு) வையுங்க, ஆனால் முழு அமுக்கத்தில் பேக் நசுங்கும்முன் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலும் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொடணும். காலி வண்டியிலும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்று இருக்கட்டும். காற்றை ஏற்றி உயரம் கூட்டாதீங்க. அது சுமைக்கு மட்டும்.