செம்புலிங்கம் பாட்டு: எதிர்ப்பா, கொள்ளைக்குப் பூமாலையா?

நாங்குநேரியான்: இருக்கிறவன்கிட்ட கொள்ளையடிச்சு இல்லாதவனுக்குக் கொடுத்தாருன்னு நம்ம நெல்லைச் சீமையில பாடுற செம்புலிங்கத்தைப் போலீஸ் சுட்டது 1923-ல். அவரைத் தேடிக் காடு மேடா அலைஞ்ச அதிகாரிகள்ல ஒருத்தர் பேராவது நம்ம பக்கம் யாருக்காவது தெரியுமா? செம்புலிங்கம் பேர் மட்டும் பாட்டுல நிக்குது. வெள்ளைக்காரன் கோப்புல கொள்ளையன், ஜனங்க வாயில வள்ளல். நான் ஜனங்க பக்கம்.

ஏட்டையா மகன்: அண்ணாச்சி, இல்லாதவன்கிட்ட பிடுங்க என்ன இருக்கு? எந்தத் திருடனும் இருக்கிறவன் வீட்டுக்குத்தான் போவான். அதுல எதிர்ப்பு எங்க வந்துச்சு? நடந்த சம்பவத்தைப் பாட்டாக்கின சிந்துப் புத்தகத்தைச் சந்தையில பாடி வித்தவங்க கள்ளக்காதல் கொலையையும் அதே வாயாலதான் பாடினாங்க. காசு விழுந்தா சரி.

கரிசல்: வித்தவனுக்குக் காசு, சரி. வாங்கினவன் ஏன் வாங்கினான்? கொலைச்சிந்துல கொலைகாரனைத் திட்டுவாங்க, செம்புலிங்கத்தைத் திட்டல. கேட்டவன் யாரை வெறுத்தான்னு அதுல தெரியுது. சட்டத்துக்குக் குற்றவாளி, ஏழை ஜனத்துக்கு வீரன்: வரலாற்று ஆசிரியர் ஹாப்ஸ்பாம் ‘சமூகக் கொள்ளையர்’னு சொன்னது இதைத்தான். 1972-ல மானிடவியல் ஆய்வாளர் ஆண்டன் பிளாக் அதை மறுத்தார்: சிசிலியில கொள்ளைக்காரன் பலபேர் நிலக்காரனுக்கே அடியாளா இருந்து குடியானவனை அடக்கினாங்கன்னு. அவர் சொன்னதும் சரிதான். ஆனா ஆள் எப்படி இருந்தான்ங்கிறது ஒரு கேள்வி, ஜனங்க அவனை எப்படி ஆக்கிக்கிட்டாங்கங்கிறது வேற கேள்வி.

தாமிரபரணி: ஆக்கிக்கிட்டது பாட்டுக்காரங்க மட்டுமா? டோனாவூர் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா செம்புலிங்கத்தை நேர்லயே சந்திச்சு, அவர் செத்தப்புறம் ஒரு புத்தகமே எழுதினாங்க. அதுல அவர் மனம் திரும்பின கிறிஸ்தவர். அவர் பேரைச் சொல்லி வேற ஆளுங்க கொள்ளையடிச்சாங்கன்னும் எழுதியிருக்காங்க. மிஷனுக்கு ஒரு செம்புலிங்கம், சந்தைக்கு ஒரு செம்புலிங்கம். கொள்ளை போன வீட்டுப் பொம்பளை என்ன ஆனாள்னு யாருக்குக் கவலை?

நாங்குநேரியான்: பாட்டு எல்லாத்தையும் மறைக்குதுன்னு சொல்லாதீங்க. கட்டபொம்மு கதைப்பாடல்ல அவரோட மந்திரி தானாபதிப் பிள்ளை ஸ்ரீவைகுண்டம் நெல் களஞ்சியத்தைச் சூறையாடினது அப்படியே வருது. பாடினவன் ஒளிக்கல. தெரிஞ்சேதான் கட்டபொம்மனைக் கொண்டாடினான்.

ஏட்டையா மகன்: அது கும்பினியோட, அதாவது வெள்ளைக்காரக் கம்பெனியோட நெல்லு. பாளையக்காரன் சண்டையில அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. செம்புலிங்கம் எடுத்தது யார் வீட்டு நகை? அதைப் பாடினவன் சொல்லட்டும்.

கரிசல்: வட்டிக்கு அடகு பிடிச்ச நகைன்னுதான் கேட்டவன் நினைச்சிருப்பான்.

ஏட்டையா மகன்: நினைச்சிருப்பான், நினைச்சிருப்பான்! அடகு வச்சவ அதைத் திருப்பணும்ல, அவளுக்கு யார் கொடுத்தா?