கைக்கடிகார அதிர்வு: உதவுங்கள் நண்பர்களே

வணக்கம். என்னிடம் இருப்பது ஆப்பிள் வாட்ச் எஸ்இ. வீட்டில் எட்டு மாதக் குழந்தை. நான் காலை 4.30க்கு எழுந்தாக வேண்டும், ஆனால் சின்னச் சத்தம் கேட்டாலும் அவள் விழித்துவிடுவாள். அதனால் சைலன்ட் மோடில் போட்டு, மணிக்கட்டில் கட்டியபடியே தூங்குகிறேன். அலாரம் நேரத்தில் கையில் தட்டுவதோடு சரி, சத்தமே இல்லை.

போன வாரம் இரவு சார்ஜ் குறைவாக இருந்ததால் கழற்றி சார்ஜரில் வைத்துவிட்டேன். விடிகாலையில் கணகணவென்று அடித்தது பாருங்கள்! சார்ஜரில் இருந்தால் சைலன்ட் மோடிலும் அலாரம் ஒலிக்கும் என்று அப்புறம்தான் படித்தேன். தப்பு என்னுடையதுதான். அன்று முழுக்க என் மனைவி என்னோடு பேசவில்லை. இப்போது இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே சார்ஜ் போட்டுவிடுகிறேன்.

இனி என் கேள்விகள். அமைப்புகளில் அதிர்வை 'ப்ராமினன்ட்' என்று மாற்றினேன். வழக்கமான தட்டலுக்கு முன்னால் கூடுதலாக ஒன்று வருகிறது. ஆனாலும் அசந்து தூங்கினால் தெரிவதில்லை. பட்டையை இறுக்கிக் கட்டினால் பலன் உண்டா? சிலிகான் பட்டையா, துணிப் பட்டையா, எது நல்லது?

இன்னொன்று. பகலில் வாட்ஸ்அப் குழுக்கள் கையைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வேண்டாத அறிவிப்புகளைத் தடுக்கும் ஃபோகஸ் வசதியில் அம்மாவை மட்டும் அனுமதித்தேன், அது சரியாக வேலை செய்கிறது. அவர் அழைப்புக்கு மட்டும் கடிகாரத்தில் தனி அதிர்வு வைக்க வழி இருக்கிறதா? போனில் வைக்கத் தெரியும், கடிகாரத்தில்தான் பிடிபடவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.