24,000 ரூபா கடன், 24 தவணை: 1250 ஆ, 1268.91 ஆ?

புதுக்கடைக் கணக்கர்:
வட்ஸ்அப்பில் ஒரு ரியூசன் குறிப்பு சுற்றுகிறது. "தரம் 11 தவணைக் கணக்கைப் படித்த பிள்ளை வங்கி மனேஜரையே மடக்கும்" என்று தலைப்பு. கணக்கு இதுதான்: கடன் 24,000 ரூபா, ஆண்டு வட்டி 24%, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி, 24 சம மாதத் தவணை. குறிப்பில் உள்ள விடை 1250. இதே எண்களை எக்செல்லில் போட்டால் 1268.91. தவணைக்கு 18 ரூபா 91 சதம் உதைக்கிறது. மனேஜரை மடக்கப் போன பிள்ளை மடங்கித்தான் திரும்பும். எழுதின சேருக்கு இது தெரியாதா, தெரிந்துகொண்டே விற்கிறாரா?

வெள்ளவத்தை ஒழுங்கை:
தொடங்கிட்டார்! அண்ணை, திட்டுறதுக்கு முதல் செய்கையைப் போடுங்கோ. நான் போடுறன். 24,000 ஐ 24 ஆல் பிரிச்சா மாதம் கழியிற கடன்முதல் 1000. அந்த 1000 க்கு ஒரு மாத வட்டி 1000 × 24/100 × 1/12 = 20. முதல் மாதம் 24 ஆயிரத்துக்கு வட்டி, அடுத்த மாதம் 23 ஆயிரத்துக்கு, கடைசி மாதம் ஒரு ஆயிரத்துக்கு. ஒரு ஆயிரம் ஒரு மாதம் நிண்டா அது ஒரு மாத அலகு. 24 + 23 + … + 1 = 24/2 × 25 = 300 மாத அலகு. 300 × 20 = 6000 வட்டி. 30,000 ஐ 24 ஆல் பிரிச்சா 1250. இதில எந்த வரி பிழை? வரியைக் காட்டுங்கோ.

புதுக்கடைக் கணக்கர்:
கடைசி வரி. முதல் மாத வட்டி 480. பிள்ளை கட்டுவது 1250. அப்படியானால் கடன்முதலில் கழிவது 770, 1000 அல்ல. மீதி 23,230. உங்கள் கணக்கு 23,000 என்கிறது. இரண்டாம் மாத வட்டி 464.60, நீங்கள் எடுத்தது 460. அந்த 4 ரூபா 60 சதத்தை யார் கட்டுவது, சேரா? இப்படி மாதாமாதம் ஒழுகி, 24 ஆவது தவணையும் கட்டி முடித்த பிறகு 575 ரூபா அளவு கடன் அப்படியே நிற்கும்.

மாதம் 1000 வீதம் முதல் கழிய வேண்டுமென்றால் முதல் தவணை 1480, கடைசித் தவணை 1020. இவற்றின் சராசரி 1250 என்பது உண்மை. ஆனால் முன்னுக்குக் குறைத்துக் கட்டிப் பின்னுக்குக் கூட்டிக் கட்டுகிறவனுக்கு இடையில் வட்டி ஓடாதா? 18 ரூபா 91 சதம் வருவது அங்கிருந்துதான்.

பழைய பேப்பர்:
ஓலெவல் பேப்பரில் 1268.91 எழுதுற பிள்ளைக்கு எத்தனை புள்ளி குடுப்பீங்க, கணக்கர் ஐயா?

புதுக்கடைக் கணக்கர்:
புள்ளியைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்பது 18 ரூபா 91 சதம்.

வெள்ளவத்தை ஒழுங்கை:
பிள்ளையள் இந்தக் கணக்கில எங்க விழுறாங்கள் எண்டு தெரியுமோ? 300 க்குப் பதிலா 24 × 23 / 2 எண்டு போட்டு 276 எடுப்பாங்கள். இல்லாட்டி 24 × 24. 1/12 ஐ மறந்தா ஒரு அலகுக்கு வட்டி 240, மொத்தம் 72,000. இருபத்துநாலாயிரம் கடனுக்கு எழுபத்திரண்டாயிரம் வட்டி எண்டு எழுதிப்போட்டு அடியில ரெண்டு கோடும் கீறுவாங்கள். 32,000 ரூபா ரீவிக்கு 8000 முற்பணம் எண்டு வினாவில இருந்தா, முற்பணத்தைக் கழிக்காமல் 32,000 க்கே வட்டி பார்ப்பாங்கள். திருத்த வேண்டியது இதுகளை. நீங்கள் பதினெட்டு ரூபாயைப் பிடிச்சுத் தொங்குங்கோ.

புதுக்கடைக் கணக்கர்:
பதினெட்டு ரூபா 91 சதம். சதத்தை விடாதீர்கள். கடன் 24 லட்சமானால் அது மாதத்துக்கு 1891 ரூபா.

மடக்கை அட்டவணை:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. வங்கி விடையை, அந்த 1268.91 ஐ, எடுக்கக் கணிகருவி வேணும் என்டு யார் சொன்னது? மாத வட்டி 0.02, கடன் 24,000, ரெண்டையும் பெருக்கினா 480. அதை (1 − 1/1.02²⁴) ஆல பிரிக்கணும். மடக்கை, அதாவது மட 1.02 = 0.0086. 24 ஆல பெருக்கினா 0.2064. முரண்மடக்கை 1.608. 1 ஐ 1.608 ஆல பிரிச்சா 0.6219, ஒன்றிலிருந்து கழிச்சா 0.3781. 480 ஐ 0.3781 ஆல பிரிச்சா 1269 சொச்சம். தரம் 11 பிள்ளைக்கு இதில தெரியாத படி ஒன்றுமில்ல.

வெள்ளவத்தை ஒழுங்கை:
தம்பி, 1.02 உங்களுக்கு வாய்ச்ச வாய்ப்பு. அதின்ர மடக்கை 0.008600, நாலு தானத்தில வெட்டினாலும் ஒண்டும் போகாது. வட்டியை 18% ஆக்கிப் பாருங்கோ. மட 1.015 = 0.006466. நாலு தானத்துக்கு மட்டந்தட்டினா 0.0065. 24 ஆல் பெருக்கினா பிழையும் 24 மடங்கு. 0.156, முரண்மடக்கை 1.432, தவணை 1193. சரியான விடை 1198.18. அஞ்சு ரூபா காற்றில போச்சு. மாத அலகு முறையில ஒரு அலகுக்கு 15 ரூபா, 300 க்கு 4500, தவணை 1187.50. ஒரு மட்டந்தட்டலும் இல்லை.

மடக்கை அட்டவணை:
மட்டந்தட்டாம 10 ரூபா 68 சதம் பிழை, அது பெருமையா? என்ட பிழை 5 ரூபா தானே.

பழைய பேப்பர்:
பிழை விடுறதிலும் போட்டி வைக்கிற ஒரே இடம் இதுதான்.

புதுக்கடைக் கணக்கர்:
மடக்கை அட்டவணை சொன்னது சரி. ஒழுங்கை வழமைபோல 18 ரூபா 91 சதத்தைத் தொடாமல் 18% க்கு ஓடிவிட்டார். போன மாதம் மதிப்பீட்டு வரிக் கணக்கிலும் இதே ஓட்டம்தான்.

வெள்ளவத்தை ஒழுங்கை:
மதிப்பீட்டு வரியில காலாண்டுக்குப் பிரிக்க மறந்தது ஆர் எண்டு எல்லாரும் பாத்தவை. அதை இஞ்ச இழுக்காதேங்கோ. வினாவில இருக்கிற முறைக்கு விடை 1250. முறையை மாத்தினா விடை மாறும். இதுக்கு மேல என்ன சொல்ல?

பிரதான வீதி:
புறக்கோட்டைப் பக்கம் தவணைக்குச் சாமான் எடுக்கிறவனுக்கு உங்க 1250 உம் வேணாம், 1268 உம் வேணாம். அங்க கேக்கிறது "பிளாட் 12" என்டு. மீதி குறைஞ்சாலும் கடைசி வரைக்கும் முழுக் கடனுக்கும் வட்டி. 24,000 க்கு ரெண்டு வருசத்துக்கு 12% வீதம் 5760. மொத்தம் 29,760, மாதம் 1240. லீசிங் எடுக்கிற ஓட்டோக்காரருக்கும் இதே பாஷைதான். 24% என்டு கேட்டுப் பயந்தவன் 12% என்டதும் சைன் வைப்பான். தவணையில வித்தியாசம் பத்து ரூபா. அதை யாராவது சொல்லிக் குடுக்கிறீங்களா?

வெள்ளவத்தை ஒழுங்கை:
பாத்தீங்களோ, மாத அலகு முறை இங்கதான் உதவும். 5760 ஐ 300 ஆல் பிரியுங்கோ, 19.20. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 19.20. அப்ப ஆண்டுக்கு 23.04%. பென்சிலும் கடதாசித் துண்டும் இருந்தா கடைக்கு முன்னால நிண்டே 12% இன்ர உண்மையான முகத்தைப் பாக்கலாம். எக்செல்லைத் தூக்கிக்கொண்டு ஆர் புறக்கோட்டைக்குப் போறது?

புதுக்கடைக் கணக்கர்:
23.04 உம் பிழை. 1240 வீதம் 24 தவணைக்கு மாத வீதம் 1.80 ஐ ஒட்டி வரும், ஆண்டுக்கு 21.6. எக்செல்லில் ரேட் என்று ஒரு சார்பு இருக்கிறது, ஒரு வரி வேலை. தவணையைக் காணும்போது குறைத்துச் சொன்ன அதே முறை, வீதத்தைக் காணும்போது கூட்டிச் சொல்கிறது.

மடக்கை அட்டவணை:
மாத 1.80 ஐக் கூட்டு வட்டியா எடுத்தா ஆண்டு விளைவு வீதம் 23.8 வருமே. அப்படிப் பாத்தா ஒழுங்கையின்ட 23.04 தான் கிட்ட.

புதுக்கடைக் கணக்கர்:
நீங்களுமா? 21.6 என்பது மாத வீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கியது. 23.8 என்பது வட்டிக்கு வட்டி சேர்த்தது. கணக்கில் கொடுத்த 24% உம் அப்படிக் கூட்டினால் 26.82 ஆகும். 23.04 இரண்டு சாதியிலும் சேராது. நடுவில் விழுந்ததால் கிட்ட என்று சொல்வதா?

பிரதான வீதி:
நான் கேட்டது ஒன்னு, இங்க ஓடுறது ஒன்னு. சாமான் எடுக்கிறவன் எந்த நம்பரைப் பாக்கிறது? 21.6 ஆ, 23.04 ஆ, 23.8 ஆ?

வெள்ளவத்தை ஒழுங்கை:
23.04. பென்சிலால வாறது அது ஒண்டுதான்.

பழைய பேப்பர்:
பென்சிலில் எழுதினால் அழிக்கவும் சுகம்.

புதுக்கடைக் கணக்கர்:
அதே 12% பிளாட், தவணை மட்டும் 36. வட்டி 8640, மாதத் தவணை 906.67. மாத அலகு 36/2 × 37 = 666. உங்கள் முறையில் வீதம் 23.35, அதாவது ஏறுகிறது. உண்மையான வீதம் 21.2, அதாவது இறங்குகிறது. தவணை கூடக்கூட இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இதற்கு விடை சொல்லுங்கள்.

வெள்ளவத்தை ஒழுங்கை:
36 தவணை எண்டு வினாவில ஆர் தந்தது? வினா 24. நீங்களே வினா போட்டு நீங்களே திருத்துறதெண்டால் நாங்கள் ஏன் இஞ்ச?

மடக்கை அட்டவணை:
666 சரியா? எனக்கு 630 வருது.

புதுக்கடைக் கணக்கர்:
630 என்பது 36 × 35 / 2. ஒழுங்கை மேலே 276 என்று சொன்ன அதே பிழை. ஒழுங்கை, உங்கள் மாணவரைக் கவனியுங்கள்.

மடக்கை அட்டவணை:
நான் யாரின்டயும் மாணவன் இல்ல. கடைசித் தவணைக்குப் பிறகு மீதி இல்லாததால அந்த மாதத்தை விட்டன், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை ஒழுங்கை:
தம்பி, கடைசித் தவணை கட்டும் வரைக்கும் மீதி இருக்குது. அதுக்கும் வட்டி இருக்குது.

மடக்கை அட்டவணை:
அப்ப முதல் மாதம் முடிய முந்தியே கட்டினா?

புதுக்கடைக் கணக்கர்:
அது வேறு கணக்கு. அதற்கு வேறு இழை திறக்கிறேன்.