புளோரன்சில் திங்கட்கிழமை என்ன செய்வது?

நண்பர்களே, அடுத்த மாதம் நாலு பேர் இத்தாலியில் இருக்கும் புளோரன்ஸ் போகிறோம், ஞாயிறு மதியம் இறங்கி செவ்வாய் காலை ரயில் ஏறுகிறோம், டிக்கெட் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் தெரிகிறது, திங்கட்கிழமை உஃபிசி அருங்காட்சியகமும் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகமும் விடுமுறையாம். தேதி பார்த்தவன் நான்தான், அதனால் வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக என் தலைதான் உருளுகிறது.

சரி, ஞாயிறு மதியம் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். எதை விடலாம்? அது மாத முதல் ஞாயிறு வேறு, நுழைவு இலவசம், கூட்டம் அள்ளுமே! எனக்கு டேவிட்தான் ஆசை, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான பளிங்குச் சிலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

திங்களன்று கதீட்ரல் குவிமாடம் ஏறலாம் என்றால் 463 படி, லிஃப்ட் கிடையாது, ஒருவனுக்கு முழங்கால் வலி. அவனைக் கீழே ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) கடையில் உட்கார வைத்துவிட்டுப் போகலாமா, இல்லை எல்லாருமாக பீசா போய்ச் சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல் படம் எடுத்துக்கொண்டு வரலாமா? (வெட்கமே இல்லாமல் எடுப்போம்.) ரயிலில் ஒரு மணி நேரம்தானே.

அப்புறம் இன்னொருத்தன் சுத்த சைவம். ரிபொல்லிட்டா என்று ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்ட சூப் உண்டே, அதில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்களா? அங்கே சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்.