பருத்திப் பணம் யார் கணக்கில்?

குழு: வேப்பந்தட்டை–மும்பை சொந்தங்கள்
5 அக்டோபர் 2024, சனி

செல்வி (செம்பூர்): எங்கள் பில்டிங் வாட்ச்மேன் பாண்டுரங்குக்கு யவத்மாள் பக்கம் ஊர். பருத்திப் பணம் தனக்கு மட்டும் வரவில்லை என்று காலையிலிருந்து போனைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். குமார் அண்ணா, பேங்கில் இருக்கிறீர்களே, இது என்ன பணம்?

குமார் (முலுண்ட்): மகாராஷ்டிர அரசு கொடுப்பது. 2023 கரீப்பில், அதாவது மழைக்காலச் சாகுபடியில், பருத்தி, சோயா போட்டவர்களுக்கு ஹெக்டேருக்கு 5,000. இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். இந்தத் திங்கள்கிழமைதான் போட ஆரம்பித்தார்கள்.

தங்கராசு (ஊர்): அப்ப ஏக்கருக்கு 2,000. களையெடுக்கிற கூலிக்கே காணாதே.

குமார்: அந்த வருஷம் நீள இழைப் பருத்திக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 7,020. வெளியில் அதற்கும் கீழேதான் பலருக்குப் போனது. அந்த நஷ்டத்துக்குத்தான் சித்தப்பா. தேர்தல் வேறு வருகிறது.

பெரியப்பா (சயான்): குழுவில் அரசியல் வேண்டாம்.

குமார்: செல்வி, அவரிடம் கேள். ஈ-பீக் பாஹணி என்கிற அரசு ஆப்பில் பயிரைப் பதிவு பண்ணினார்களா? ஆதார் விவரத்தைப் பயன்படுத்தச் சம்மதக் கடிதம் கொடுத்தாரா? சாத்பாரா, நம்ம ஊர்ப் பட்டா மாதிரி, அது யார் பெயரில் இருக்கிறது?

செல்வி: கேட்டேன். 3 ஏக்கர். இவரும் தம்பியும் ஒரே சாத்பாராவில். ஆப்பில் போட்டோ ஏற்றியது தம்பி. கணபதி பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது தம்பி ஒரு பேப்பரை நீட்டினாராம், இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டாராம்.

குமார்: அதுதான் நா-ஹர்கத். கூட்டுப் பெயரில் இருந்தால் ஒருத்தர் கணக்குக்குத்தான் பணம் போகும், மற்றவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். 6,000 சொச்சம் தம்பிக்குப் போயிருக்கும்.

செல்வி: ஐயோ, இதை நான் எப்படிப் போய்ச் சொல்வது? மனைவிக்கு மாசம் 1,500, பெண்களுக்கு அரசு கொடுக்கிற லாட்கி பஹிண் பணம் வருகிறது, எனக்குத்தான் ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே புலம்பல்.

தங்கராசு: ஏம்மா, அங்கே உழுதது, மருந்து அடித்தது யார்? தம்பிதானே. அவனுக்குப் போனதுதான் நியாயம். இன்றைக்கு அங்கே வாஷிமில் பிரதமர், விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற பி.எம். கிசான் பணத்தில் 18ஆவது தவணை 2,000 விட்டார். நம்ம மேட்டுக்காட்டில் பருத்தி போட்டிருப்பது நான். அந்த 2,000 யாருக்கு வந்தது என்று அண்ணனைக் கேளு.

பெரியப்பா: பட்டா என் பெயரில் இருக்கிறது, வருகிறது. நானா கேட்டேன்?

குமார்: சயானில் நாலாவது மாடியில் ஒரு விவசாயி!

பெரியப்பா: டேய். அதில் ஒரு பைசா தொட்டதில்லை. அப்படியே கணக்கில் கிடக்கிறது.

தங்கராசு: அண்ணன் கணக்கில் பணம் கிடக்கிறது என்று சொன்னால் உரக்கடைக்காரன் மூட்டை தருவானா அண்ணே?

(பெரியப்பா ஒரு செய்தியை நீக்கினார்)

செல்வி: பாண்டுரங் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். பணம் வந்ததாம், ஸ்பிரேயர் வாங்கியாச்சாம். வாங்கினது சரி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறார்.

குமார்: சித்தப்பா, நான் இப்போதே உங்களுக்கு ஜிபே பண்ணுகிறேன்.

தங்கராசு: வேண்டாம்டா. மேட்டுக்காட்டுப் பட்டாவை மாற்றிக் கொடுக்கச் சொல்லு.

குமார்: மாற்றினாலும் பி.எம். கிசான் உங்களுக்கு வராது. 1.2.2019 அன்றே நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் மாறியது என்றால், சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்திருந்தால்தான் உண்டு.

தங்கராசு: அப்ப அந்தப் பணமே வேண்டாம், அண்ணன் நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் பட்டா இருந்தால் சொசைட்டியில் பயிர்க்கடன் என் பெயரிலேயே கேட்கலாம். இப்போது ஒவ்வொரு வருஷமும் அண்ணன் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பா: இதை முன்னாடியே வாயைத் திறந்து சொன்னால் என்ன? பொங்கலுக்கு வருகிறேன். வி.ஏ.ஓ.வைப் பார்த்து வை. குமார், டிக்கெட் போடு.

குமார்: பொங்கலுக்கு இப்போதே வெயிட்டிங் லிஸ்ட் அப்பா.

பெரியப்பா: தத்கலில் போடு.