மறுநடவு நிலத்தில் ஊடுபயிர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலம், பாலிங் பக்கம் அப்பாவுக்கு 3 ஏக்கர் பால் மரம் (ரப்பர்) இருக்கிறது. எல்லாம் 30 வயதைத் தாண்டிய மரங்கள். பால் வெட்டுவதற்குப் பட்டையே மிச்சமில்லை. மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஈரப் பட்டையில் வெட்ட முடியாது, கோப்பையில் தண்ணீர் இறங்கினால் பால் வீண்.

மறுநடவுக்கு ரிஸ்டாவில் (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) உதவி கேட்கலாம் என்று தெரியும். கவலை அதற்கு அப்புறம்தான். புதுக் கன்று வெட்டுக்கு வர 5, 6 வருடம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? தம்பி நான்காம் படிவம் படிக்கிறான். ஐந்தாம் படிவத்தில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வை எழுதாமல் பினாங்கில் ஃபாக்டரி வேலைக்குப் போகிறேன் என்கிறான். எனக்கு மனசே வரவில்லை. அப்பாவும் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை விட்டவர்தான்.

கன்று வரிசைக்கு நடுவே வாழை, அன்னாசி, சோளம் போட்டவர்கள் இருக்கிறீர்களா? நிழல் மூடுவதற்குள் எத்தனை வருடம் விளைச்சல் எடுத்தீர்கள்? எங்களுடையது மேட்டு நிலம், காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு. மூன்று ஏக்கரையும் ஒரே தடவையில் சாய்க்காமல் பாதி பாதியாகச் செய்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்பாவிடம் இந்த வாரமே பேச வேண்டும்.