மீத்தைல் யூஜினால் பொறியில் விழும் பழ ஈ: டார்சாலிஸ், ஜொனாட்டா, கரெக்டா மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

கொய்யாப்பொறி:
வணக்கம். மீத்தைல் யூஜினால் (ஆண் பழ ஈக்களை இழுக்கும் கவர்ச்சிப்பொருள்) வைத்த பொறியில் விழுந்த ஈக்களை இனம் பிரிக்கிறேன். கறுப்பு முதுகு என்றால் டார்சாலிஸ், செம்பழுப்பு என்றால் ஜொனாட்டா என்று பிரித்துக்கொண்டு போனால் பாதி வழியில் இடிக்கிறது. செம்பழுப்பு முதுகுள்ள சிலவற்றில் இறக்கை ஓரம் முழுக்கப் பட்டை ஓடுகிறது. கறுப்பு முதுகுள்ள சிலவற்றில் பட்டையே இல்லை, நுனியில் ஒரு பொட்டு மட்டும். கையில் 10 மடங்கு லென்ஸ்தான். முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஆல்கஹாலில் போட்டவற்றில் முதுகின் மஞ்சள் வரியும் வெளுத்துப்போயிருக்கிறது.

சிறகுநரம்பு:
நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டார்சாலிஸின் முதுகு கன்னங்கரேல் தொடங்கி செம்பழுப்பு வரை எப்படியும் இருக்கும். 2005-இல் ஆப்பிரிக்க மாதிரிகளை வைத்து இன்வேடென்ஸ் என்று தனி இனமாகப் பெயரிட்டதை 2015-இல் டார்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் முதுகு நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள்.

முதலில் இறக்கை. ஈயை வெள்ளைத்தாளில் வைத்து, ஒரு இறக்கையை ஊசிமுனையால் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். முன் ஓரத்தில் மெல்லிய பழுப்புப் பட்டை எங்கும் அறுபடாமல் நுனியைச் சுற்றிப் போனால் டார்சாலிஸ் வகை. நடுவில் அறுந்து நுனியில் பொட்டு மட்டும் நின்றால் ஜொனாட்டா அல்லது கரெக்டா.

அடுத்து முகம், உணர்கொம்புக்குக் கீழே. ஜொனாட்டாவில் தனித்தனியாக இரண்டு கறுப்புப் பொட்டுகள், முட்டை வடிவில். கரெக்டாவில் அவை பக்கவாட்டில் இழுபட்டு நடுவில் ஏறக்குறைய ஒட்டி, மீசை வரைந்தாற்போல் இருக்கும். சில ஈக்களில் நடுவே சின்ன இடைவெளி விழும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொட்டு அகலவாக்கில் நீண்டிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இதற்குப் பிறகு முதுகு நிறத்தைப் பார்த்தால் தானாகப் பொருந்தும்: ஜொனாட்டா செம்பழுப்பு, கரெக்டா கறுப்பு. ஆக உங்கள் 'கறுப்பு முதுகு, நுனிப்பொட்டு' ஈக்கள் கரெக்டாவாக இருக்க வேண்டும். 'செம்பழுப்பு, முழுப் பட்டை' ஈக்கள் டார்சாலிஸ் பக்கம்.

ஊசிப்பெட்டி:
மேலே சொன்னது சரி. ஆனால் மாதிரி கெட்டிருந்தால் எந்த அடையாளமும் கைகொடுக்காது. 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் வெளுத்து வெள்ளை போலாகிவிடும், வரி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. அடையாளம் பார்க்கும் ஈயை உலர வைத்து ஊசியில் குத்துங்கள். ஊசி மார்பின் நட்ட நடுவில் வேண்டாம், கொஞ்சம் வலப்பக்கம் இறங்கட்டும். நடுக்கோட்டு அடையாளங்களும் இடப்பக்க முட்களும் அப்படியே தப்பிக்கும்.

பொறியில் நாள்கணக்கில் கிடந்தவை வேறு விதத்தில் ஏமாற்றும். மழைநீர் புகுந்து ஊறினால் வயிறு அழுகிக் கறுத்து, வயிற்றின் மேல் உள்ள ஆங்கில டி (T) எழுத்து போன்ற கறுப்பு அடையாளம் கரைந்துபோகும். வாரம் ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள். விறைத்துப்போனதை விரிக்க வேண்டுமானால், மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சுக்கு மேல் (பஞ்சில் படாமல்) ஓரிரவு வையுங்கள். நேரே இறக்கையைப் பிடித்து இழுத்தால் அடியோடு பிய்ந்து வரும்.

பழத்திலிருந்து வளர்த்தெடுப்பவர்களுக்கு ஒன்று: கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த அன்றே கொல்லாதீர்கள். நிறம் ஏறாத ஈ எல்லாமே ஜொனாட்டா போலத்தான் தெரியும். சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்து 3, 4 நாள் உயிரோடு வைத்துப் பிறகு உறையவிடுங்கள். மீத்தைல் யூஜினாலுக்கு வருபவை பெரும்பாலும் முதிர்ந்த ஆண்கள் என்பதால் பொறியில் இந்தத் தொல்லை குறைவு.

கொய்யாப்பொறி:
நன்றி. முகத்தைப் பார்த்ததும் பெரும்பாலானவை பிரிந்துவிட்டன. இரண்டு ஈக்கள் மட்டும் எதிலும் சேரவில்லை. உடல் மஞ்சள் கலந்த பழுப்பு, முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள வரிகளோடு நடுவிலும் ஒரு மஞ்சள் வரி.

சிறகுநரம்பு:
நடுவரி இருந்தால் இந்த மூன்றும் இல்லை. இறக்கையைப் பாருங்கள்: ஓரப்பட்டை நுனியில் பெரிய பொட்டாக விரிந்து, பின்பக்கக் குறுக்கு நரம்பின் மேலும் பழுப்பு படிந்திருந்தால் சியூகோடேக்கஸ் குக்கர்பிட்டே, பூசணி வகைகளைத் தாக்கும் ஈ. குறுக்கு நரம்பு தெளிவாக இருந்து, முதுகுக் கேடயத்தின் (மார்பின் பின்முனையில் உள்ள சிறு தகடு) ஓரத்தில் இரண்டுக்குப் பதில் நான்கு முட்கள் நின்றால் டாவ் என்ற இனம். இவ்விரண்டும் கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப்பொருளுக்கு வருபவை. ஒரே கையுறையோடு இரண்டு கவர்ச்சிப்பொருளையும் தொட்டிருந்தால் இப்படிக் கலந்து விழும்.

நுண்ணோக்கி:
ஒரு எச்சரிக்கை. முழுப் பட்டை என்றதும் டார்சாலிஸ் என்று எழுதி மூடிவிடாதீர்கள். கரம்போலே என்ற நெருங்கிய இனத்திலும் முழுப் பட்டைதான், ஆனால் நுனியில் சற்றே தடித்துத் தூண்டில் முள் போல வளையும். வயிற்றின் நான்காம் கண்டத்து முன்மூலைக் கறை அதில் செவ்வகம், டார்சாலிஸில் பொதுவாக முக்கோணம். இதற்கு 10 மடங்கு போதாது, 40 மடங்காவது வேண்டும். அப்போதும் இடைப்பட்ட உருவங்கள் வரும். அப்படிப்பட்டதன் ஒரு பக்கக் கால்களைக் கழற்றி 95 சதவீத ஆல்கஹாலில் குளிரில் வைத்துவிட்டு, உடலை ஊசியிலேயே விடுங்கள். மரபணுச் சோதனைக்குக் கொடுப்பதானால் வழக்கமான சிஓஐ (COI) மரபணுவை மட்டும் கேட்காதீர்கள், இந்த ஜோடியை அது ஒழுங்காகப் பிரிப்பதில்லை. ஐடிஎஸ்1 (ITS1) என்ற டிஎன்ஏ பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை ஊசியில் குத்தும் சீட்டில் 'டார்சாலிஸ் கூட்டம்' (டார்சாலிஸும் அதைப் போன்ற நெருங்கிய இனங்களும்) என்று எழுதினால் போதும்.